சாலைக்கு அளவெடுக்கும்போது பழைய இடம் கண்ணில் பட்டால்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்தின் ஊடாகப் புதுச் சாலை வரப்போகிறதாம். அளவெடுக்க வந்தவர்கள் பழைய பானையோடுகளைப் பார்த்ததாகப் பேச்சு. அந்தப் பக்கத்தில்தான் எங்கள் தாத்தாவின் அப்பா வேலை செய்த தோட்டத்தின் பாரக்ஸ், அதாவது கூலிகளின் குடியிருப்பு வரிசை, இருந்தது. அவரை அங்கேயே புதைத்ததாக ஆயா சொல்வார். கல்வெட்டு, பலகை எதுவும் கிடையாது. சாலை போட்டால் எல்லாம் போய்விடுமா? நாங்கள் தடுக்க முடியுமா? யாரிடம் போக வேண்டும்?"

நான் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சாலைத் திட்டங்களுக்கு முன்னால் நிலத்தை நடந்து பார்த்து அறிக்கை எழுதும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சாலையையே நிறுத்துவது அபூர்வம். சாலையை நகர்த்துவது அப்படியில்லை, அடிக்கடி நடக்கிறது. விஷயம் அளவெடுக்கும் கட்டத்திலேயே வெளியே வந்திருக்கிறது. உங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சாலை வரைபடத்தில் வெறும் கோடாக இருக்கும்வரை அதை 40 மீட்டர் தள்ளிப் போடுவது பொறியாளருக்குச் சில நாள் வேலை. நிலம் எடுத்து, டெண்டர் முடிந்து, இயந்திரமும் இறங்கிவிட்டால் அதே 40 மீட்டருக்கு மில்லியன் கணக்கில் ராண்ட் செலவாகும். அந்தக் கட்டத்தில் யாரும் நகர்த்த மாட்டார்கள். தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதனால் இந்த வாரமே வாயைத் திறந்தாக வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தில் 38ஆம் பிரிவைப் பாருங்கள். 300 மீட்டருக்கு மேல் நீளமான எந்தச் சாலையானாலும், 50 மீட்டருக்கு மேல் நீளமான எந்தப் பாலமானாலும், திட்டம் தொடங்கும் மிக ஆரம்பக் கட்டத்திலேயே மரபுவள அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 14 நாளுக்குள், மரபுத் தாக்க மதிப்பீடு, அதாவது பழைய இடங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற ஆய்வறிக்கை, தேவையா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். நம் மாகாணத்தில் இதைப் பார்ப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அமாஃபா என்ற மாகாண மரபு அமைப்பு. தேசிய அளவில் சாஹ்ரா என்ற மரபுவள அமைப்பு. பெரிய சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவைப்படுவதால், மரபு அறிக்கை பெரும்பாலும் அந்தக் கோப்போடு சேர்ந்தே போகும்; அப்போதும் மரபு அதிகாரிகளின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

அந்த அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாதிக்கப்படும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறிக்க வேண்டும், ஒவ்வொன்றின் முக்கியத்துவத்தையும் மதிப்பிட வேண்டும், அக்கம்பக்கத்துச் சமூகங்களிடம் பேசிய விவரத்தைச் சேர்க்க வேண்டும், இடத்துக்குச் சேதம் வருமானால் மாற்று வழிகளை ஆராய்ந்திருக்க வேண்டும். நான் வலியுறுத்துவது இந்தக் கடைசி இரண்டையும்தான். எத்தனையோ அறிக்கைகளில் சமூகத்தோடு பேசிய பகுதி அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. உங்கள் ஆயா சொன்னது அந்த அரைப் பக்கத்தில் இல்லையென்றால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தக் கல்லறையே இல்லை.

இப்போது நிலத்துக்கு வருவோம். கரும்புத் தோட்டத்தில் ஆய்வு செய்வது தனிக் கஷ்டம். பயிர் ஆளுயரம் நிற்கும்போது உள்ளே நடந்தால் காலடியில் இருப்பதுகூடத் தெரியாது. மேலே காய்ந்த சோகை, கீழே இருட்டு. வெட்டி முடித்து மறுதாம்பு கிளம்புவதற்கு முன் உள்ள சில வாரங்களில்தான் மண் முகம் காட்டும், அதிலும் ஒரு மழை பெய்து கழுவிவிட்ட மறுநாள் பார்த்தால் ஓடும் கல்லும் தானாகவே கண்ணில் படும். ஆகையால் அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் ஆய்வு நடந்த தேதியைப் பாருங்கள், பிறகு உள்ளே இருக்கும் படங்களைப் பாருங்கள். கரும்பு உயர்ந்து நிற்கும் படத்தைப் போட்டு "எதுவும் தென்படவில்லை" என்று எழுதியிருந்தால், அறுவடைக்குப் பிறகு மீண்டும் நடந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நியாயமான கோரிக்கை இது. அதிகாரிகளுக்கும் இது தெரியும்.

பானையோடுகளைப் பற்றிச் சொல்கிறேன். நம் கடற்கரைப் பகுதியிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் இரும்பு உருக்கி, மாடு வளர்த்து, தானியம் விதைத்த மக்கள் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே குடியிருந்தார்கள். டர்பனுக்கு அருகே உள்ள ம்சோன்ஜானி அப்படி ஓர் இடம். அந்தக் காலத்துப் பானை வகைக்கே அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் சங்க காலத்துக்குச் சற்றுப் பிந்திய காலம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உழுத நிலத்தில் இந்த ஓடுகள் விரல் அகலத்துக்குத்தான் கிடைக்கும். வாய்விளிம்பும் கழுத்தும் உள்ள துண்டு கிடைத்தால் ஆய்வாளருக்குக் கொண்டாட்டம். கோடு கீறிய அலங்காரம் அங்கேதான் இருக்கும், காலத்தைச் சொல்வதும் அதுதான். பக்கத்திலேயே கனமான, கருப்பான, குமிழ் விட்ட கல் போல ஏதாவது கிடந்தால் அது இரும்புக் கசடாக இருக்கலாம். சிவக்கச் சுட்ட களிமண் கட்டியில் குச்சி அச்சுப் பதிந்திருந்தால் அது குடிசைச் சுவர். மண் ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால், பழைய மாட்டுத் தொழுவமோ குப்பைமேடோ அங்கே இருந்திருக்கலாம். கடலோரமாக இருந்தால் சிப்பிக் குவியலையும் பாருங்கள்.

டோங்காட் பக்கத்தில் கரும்புத் தோட்டத்து நிலத்துக்குள், ஆற்றுக்கு மேலே ஒரு பாறைக் குகை இருக்கிறது. சிபுடு என்று பெயர். அதற்குள் 77,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கோரைப்புல்லைப் பரப்பி, பூச்சி அண்டாமல் இருக்க மேலே ஒரு வகை இலையைப் போட்டுப் படுத்திருந்த தடம் கிடைத்தது. 2024 ஜூலையில் புதுதில்லியில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. டோங்காட்டில் பிறந்து வளர்ந்த நம்மவர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கரும்புக்கு அடியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கீழடியும் தென்னந்தோப்புக்கு அடியில்தான் இருந்தது.

ஆனால் எனக்கு அதிகக் கவலை உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றித்தான். பானையோட்டை ஆய்வாளர் தானே கண்டுபிடித்துவிடுவார். அடையாளமில்லாத கல்லறையை, சொல்ல ஆள் இல்லாவிட்டால், யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911வரை, ஒப்பந்தக் கூலிகளாக 152,184 பேர் நட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வேலை செய்த தோட்டத்திலேயே இறந்து, பாரக்ஸுக்குப் பின்னால், ஓடைக் கரையில், உழ முடியாத மேட்டில் புதைக்கப்பட்டார்கள். கல் நட வசதி ஏது? ஒரு மண்மேடு, சுற்றி நாலு கல், தலைமாட்டில் ஒரு செடி. பிறகு தோட்டம் கைமாறியது, பாரக்ஸ் இடிந்தது, பிள்ளைகள் வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும், அப்புறம் ஃபீனிக்ஸுக்கும் சாட்ஸ்வொர்த்துக்கும் குடிபோனார்கள். மேடு மட்டமானது.

அப்படியும் தடயம் இருக்கும். கரும்பு வயலின் நடுவே உழாமல் விட்ட ஒரு மரத்திட்டு தெரிந்தால் நான் எப்போதும் நடந்து போய்ப் பார்ப்பேன். கிழட்டு மாமரம், முருங்கை, கறிவேப்பிலை, வேப்பிலை கிடைக்காமல் நம்மவர்கள் மாரியம்மனுக்கு வைத்த சிரிங்கா மரம், இவை ஒரே இடத்தில் சேர்ந்து நின்றால் அங்கே நம் ஆட்கள் குடியிருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். காட்டு மரங்களோடு முருங்கை தானாக வந்து நிற்காது. மரத்தடியில் செங்கல் விளிம்பு, துருப்பிடித்த எனாமல் குவளை, நீள்சதுரமாக உள்வாங்கிய மண், கிழக்கு மேற்காக வரிசையாய் அமைந்த கற்கள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் திட்டை மட்டும் உழாமல் விட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "என் அப்பா உழக் கூடாது என்றார்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியமே அறிக்கைக்குப் போதுமான சாட்சி.

வீட்டிலிருந்தும் சாட்சி கொண்டுவரலாம். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஊர், தாலுகா, எந்த முதலாளியிடம் போனார் என்ற விவரம் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் எண் தெரிந்தால் அவர் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதை நிரூபிக்க முடியும். அதோடு 1930களிலிருந்து எடுத்த வான்வழிப் படங்கள் கேப் டவுனில் மௌப்ரேயில் உள்ள அரசு நில வரைபட அலுவலகத்தில் கிடைக்கும். பழைய படத்தில் பாரக்ஸ் வரிசை பளிச்சென்று தெரியும். இன்றைய சாலைக் கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எத்தனை மீட்டர் தூரம் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆயாவையும், ஆயா வயதில் இருக்கும் மற்றவர்களையும் அந்த இடத்துக்கே அழைத்துப் போய், கை நீட்டிக் காட்டச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும்போது வராத ஞாபகம், ஓடையைப் பார்த்ததும் வரும்.

கல்லறைக்கான விதி 36ஆம் பிரிவில் இருக்கிறது. நகராட்சி நிர்வகிக்கும் முறையான மயானத்துக்கு வெளியே, 60 ஆண்டுக்கு மேல் பழமையான எந்தக் கல்லறையையும் அனுமதியில்லாமல் தொடக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கல்லறையோடு மரபு வழியில் தொடர்புள்ள சமூகத்தையும் தனிநபர்களையும் தேடிக் கண்டுபிடித்து, பேசி, உடன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். இதற்கு 60 நாள் அறிவிப்பு உண்டு. "மரபு வழியில் தொடர்பு" என்பதால், பிறப்புச் சான்றிதழ் சங்கிலி முழுவதும் கையில் வேண்டும் என்று பயப்படாதீர்கள். அந்தத் தோட்டத்து ஆட்கள் கட்டிய கோயிலின் கமிட்டியே முன்வந்து பேசலாம். 60 வருடத்துக்கு உட்பட்ட கல்லறைக்கும் வேறு அனுமதிகள் உண்டு. யாரும் சும்மா மண்வெட்டியை வைத்துவிட முடியாது. பாரக்ஸ் சுவர் ஏதாவது மிச்சம் இருந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு: 60 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தை இடிக்க அனுமதி வேண்டும், 100 ஆண்டைத் தாண்டிய மனிதத் தடயமெல்லாம் தொல்லியல் கணக்கில் வரும்.

பிந்திப் பேசினால் என்ன ஆகும் என்பதற்குக் கேப் டவுனே சாட்சி. 2003இல் கிரீன் பாயிண்டில் அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அடிமைகளும் ஏழைகளும் புதைக்கப்பட்ட பழைய இடம் அது. அங்கேயே விட்டுவிடுங்கள் என்று மக்கள் போராடினார்கள். ஆனால் இயந்திரம் இறங்கிய பிறகு நடந்த போராட்டம். 2,500 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டுப் பெட்டிகளில் அடுக்கப்பட்டன. கட்டடமும் எழும்பியது.

அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவில் நடந்தது உங்கள் நிலைமைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. விமான நிலையத்துக்குச் சாலை போடத் திட்டமிட்டபோது, அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு அங்கே இறந்துபோன ஆப்பிரிக்கர்களின் இடுகாடு சாலையின் வழியிலேயே இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 8,000 பேர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கணக்கு. சாலை போடுவதற்கு முன்பே 2008இல் ஆய்வாளர்கள் முறையாகத் தோண்டி 325 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். அந்த வேலை நல்ல வேலை; அதனால்தான் அந்த மக்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியும். ஆனால் எடுத்த எலும்புகள் மறுபடி மண்ணுக்குப் போனது 2022இல். நடுவில் 14 வருடம் கிடங்கில். எடுப்பதற்கு முன்பே எப்போது, எங்கே திரும்பப் புதைப்பது என்று தேதியோடு எழுதி வாங்க வேண்டும் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் இன்னொரு விஷயம் இருக்கிறது. சாலை போகும் பட்டையை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்த்த சேதத்தில் பெரும்பகுதி பட்டைக்கு வெளியே நடந்தது. கிராவல் எடுக்கும் குழி, தோண்டிய மண்ணைக் கொட்டும் இடம், லாரி வந்து போகும் தற்காலிகப் பாதை, தொழிலாளர் முகாம், இயந்திரம் நிறுத்தும் யார்டு எல்லாம் ஒப்பந்தக்காரர் வந்த பிறகுதான் முடிவாகும். அறிக்கை அதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்கும். ஒரு திட்டத்தில் நாங்கள் சாலைக் கோட்டையே தள்ளிவைத்துக் காப்பாற்றிய பழைய குடியிருப்பு மேட்டின்மேல், ஒரே வாரத்தில் லாரிப் பாதை போட்டுவிட்டார்கள். வேலி போடச் சொல்லி அறிக்கையில் இருந்தது, ஒப்பந்தத்தில் ஏறவில்லை. எனவே நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்தக் குழிகளையும் பாதைகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவற்றுக்கும் தனியாக மரபு ஆய்வு வேண்டும், கல்லறைத் திட்டைச் சுற்றி வேலை தொடங்கும் முன்பே வேலி வேண்டும், அந்த நிபந்தனை ஒப்பந்த ஆவணத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? சுற்றுச்சூழல் ஆலோசகரின் பெயர் திட்ட அறிவிப்புப் பலகையிலும் உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்திலும் இருக்கும். அவருக்கு எழுதி, உங்களையும் கோயில் கமிட்டியையும் பாதிக்கப்படும் தரப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவானவர்களுக்கு அறிக்கையின் வரைவு வந்தாக வேண்டும், கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். அதே கடிதத்தின் நகலை அமாஃபாவுக்கும் அனுப்புங்கள். சாஹ்ரிஸ் என்ற இணையதளத்தில் மரபுக் கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு ஏற்றப்படுகின்றன. உங்கள் சாலையின் பெயரில் தேடினால் கோப்பு எண் கிடைக்கும். அதன்பிறகு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண்ணைப் போடுங்கள். போனில் பேசியதை நம்பாதீர்கள், பேசி முடித்ததும் பேசிய விவரத்தை மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அறிக்கை வந்ததும் உங்கள் இடத்துக்கு எந்தத் தரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் தரம் தேசிய முக்கியத்துவம், இரண்டாம் தரம் மாகாணம், மூன்றாம் தரம் உள்ளூர். மூன்றாம் தரத்துக்குள் மட்டும் ஏ, பி, சி என்ற பிரிவுகள் உண்டு, சி கடைசி. கல்லறையை 3சி என்று போட்டிருந்தால் மறுத்து எழுதுங்கள்.

ஓடுகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சட்டப்படி அவை அரசின் சொத்து. அதைவிட முக்கியம், ஓடு கிடந்த இடம்தான் அதன் கதையில் பாதி. அந்த இடத்தை விட்டுக் கிளம்பியதும் அது வெறும் ஓடு. பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்து, இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போட வேண்டாம், புதையல் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும்.

இடத்தைக் காப்பதில் நல்லதிலிருந்து சுமாரானது வரை படிகள் உண்டு. சாலைக் கோட்டைத் தள்ளிவைப்பதுதான் முதல் தேர்வு. அது முடியாதென்றால் மேலே துணிவிரிப்பு போட்டு, மணல் நிரப்பி, தோண்டாமல் உயர்த்திச் சாலை போடலாம். கீழே இருப்பது அங்கேயே இருக்கும், ஆனால் நம் காலத்தில் யாரும் பார்க்க முடியாது. குடியிருப்புத் தடயத்துக்கு இது பரவாயில்லை. கல்லறைக்கு நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன், பெரியவர்கள்மேல் லாரி ஓடுவதை எந்தக் குடும்பமும் ஏற்காது. தோண்டி ஆவணப்படுத்தி எடுப்பது கடைசி.

கல்லறையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சடங்கை யார் செய்வது என்பதைக் குடும்பமும் கோயிலும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நம் சுலு அயலார் இதில் நமக்கு முன்னோடிகள். இடம் மாற்றும்போது உம்லாஹ்லான்கோசி மரக்கிளையைக் கொண்டுவந்து, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கே போகிறோம் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தக் கிளையைக் கொண்டுபோகும் வண்டிக்கும், பந்தலுக்கும், சாப்பாட்டுக்கும் திட்டச் செலவிலிருந்து பணம் கேட்டு வாங்குவார்கள். நாமும் கேட்கலாம். தோட்டத்து மண்ணில் நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள் என்பதால், எடுக்கும் முன் அக்கம்பக்கத்து சுலு குடும்பங்களிடமும் பேசுங்கள். நீங்கள் கொள்ளுத்தாத்தா என்று நினைக்கும் மேடு அவர்கள் வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்பே இயந்திரம் வந்து, எலும்பு வெளியே தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் வேலை உடனே நின்றாக வேண்டும். அது 36ஆம் பிரிவின் கட்டளை. மேலதிகாரி வரட்டும் என்று காத்திருக்க ஒப்பந்தக்காரருக்கு உரிமை இல்லை. போலீசையும் அமாஃபாவையும் கூப்பிடுங்கள், இரண்டு பேரையும். போலீஸ் வருவது அது சமீபத்திய குற்றமா என்று பார்க்க. இல்லை, பழைய கல்லறைதான் என்று தெரிந்தால் அதன்பிறகு பொறுப்பு மரபு அதிகாரிகளுடையது. எலும்பை யாரும் கையால் தொட வேண்டாம், மண்ணைத் தள்ளி மூடவும் வேண்டாம், மேலே ஒரு துணியைப் போட்டு நாலு கல்லை வைத்துவிட்டு, அதிகாரி வரும்வரை உங்களில் ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.